கட்டிக்கொடுத்த சோறு: தவளை முட்டைக்குள் நொதிகளின் வரலாறு

"கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று ஒரு பழமொழி உண்டு. பிறர் தயவிலேயே காலம் தள்ள முடியாது, சொந்தமாக உழைக்கவும் யோசிக்கவும் வேண்டும் என்ற பொருளில் பெரியவர்கள் சொல்வார்கள். ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் உயிரியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகத் தவளையின் முட்டையிடம் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது வெறும் பேச்சுக்காக அல்ல. முட்டைக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு எது, சொல்லிக்கொடுத்த சொல் எது, இரண்டும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீரில் விழுந்த தவளை முட்டைக்கு வெளியிலிருந்து யாரும் உணவு ஊட்டுவதில்லை. தண்ணீரும் ஆக்சிஜனும் கொஞ்சம் உப்புகளும் மட்டுமே கிடைக்கும். ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அந்த ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, ஆயிரக்கணக்காகி, இரண்டு மூன்று நாளில் வாலாட்டி நீந்தும் தலைப்பிரட்டை ஆகிவிடுகிறது. அது வாய் திறந்து முதல் கவளம் உண்ண இன்னும் ஓரிரு நாள் ஆகும். அதுவரை ஆகும் செலவு அத்தனையும் உள்ளிருக்கும் இருப்பிலிருந்துதான்.

இருப்பு மட்டும் இருந்தால் போதாது. அரிசி இருந்தாலும் சமைக்க ஆள் வேண்டும் அல்லவா? செல்லுக்குள் அந்த வேலையைச் செய்பவை நொதிகள். அப்படியானால் அந்த நொதிகள் யாருடையவை? தாயின் மரபணுக்களிலிருந்து வந்தவையா, கரு தானே செய்துகொண்டவையா?

நான்கு படிகள்

கதைக்குள் போகும் முன் ஒரு சிறு விளக்கம். நொதி என்பது ஒரு புரதம். அதைச் செய்வதற்கான குறிப்பு உட்கருவில் மரபணுவாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து எடுக்கப்படும் நகல்தான் தூது ஆர்.என்.ஏ. ரைபோசோம்கள் இந்த நகலைப் படித்துப் புரதத்தைச் செய்கின்றன. செய்து முடித்த நொதி, தேவைப்படும்போது வேலை செய்கிறது.

மரபணு, செய்தி, நொதி, வேலை என்று ஆக மொத்தம் நான்கு படிகள். பாடப்புத்தகத்தில் இவை ஒரே நேர்கோட்டில் அம்புக்குறி போட்டு வரையப்பட்டிருக்கும். அதனால் முதல் படி இருந்தால் நான்காவதும் தானாக நடந்துவிடும் என்று தோன்றும். அது தவறு என்பதைக் காட்டியதில் தவளை முட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு படிக்கும் இடையில் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.

மூச்சை அளந்தவர்கள்

1930களில் மரபணுவின் வேதியியல் யாருக்கும் தெரியாது. கருவின் மூச்சை, அதாவது அது எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்பதை மட்டும் அளக்க முடிந்தது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ழான் பிராஷே இந்த வேலையில் இறங்கினார். ஆக்சிஜனை நிறுத்தினாலும், சயனைடு கொண்டு மூச்சைத் தடுத்தாலும் தவளை முட்டை சில மணி நேரம் பிளந்துகொண்டே போகிறது, பிளாஸ்டுலா என்ற உள்ளீடற்ற செல் உருண்டை வரை வந்து அங்கே நின்றுவிடுகிறது என்பது தெரியவந்தது.

அடுத்து வர வேண்டியது கேஸ்ட்ருலா கட்டம். உருண்டையின் வெளிப்புறச் செல்கள் உள்ளே மடிந்து, தோல் எது, குடல் எது, தசை எது என்று பிரியத் தொடங்கும் கட்டம் அது. மூச்சு இல்லாமல் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை.

அமெரிக்காவிலும் இதே வாசல் தென்பட்டது, ஆனால் வேறு வழியில். 1946இல் ஜான் மூர், சிறுத்தைத் தவளையின் முட்டையை வேறோர் இனமான வனத் தவளையின் விந்துடன் சேர்த்துப் பிறந்த கலப்புக் கருக்களை விவரித்தார். அவை எந்தக் குறையும் இல்லாமல் பிளந்து வளர்ந்தன. கேஸ்ட்ருலா தொடங்கும் நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டன. அப்போதே சாகவில்லை, உயிரோடு சில நாட்கள் அப்படியே கிடந்தன. இத்தகைய கலப்புக் கருக்களின் மூச்சை லெஸ்டர் பார்த் அளந்தபோது, இயல்பான கருவில் ஆக்சிஜன் செலவு ஏறுவதுபோல் இவற்றில் ஏறவில்லை.

தந்தை வழி மரபணு பொருந்தாவிட்டாலும் முதல் பல மணி நேரம் கருவுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உட்கருவின் சொல் அதுவரை கேட்கப்படவே இல்லை போலும்!

1951இல் ராபர்ட் பிரிக்ஸும் தாமஸ் கிங்கும் உடன் பணியாற்றியவரும் இதை இன்னும் நேரடியாகக் காட்டினர். வேலை செய்யும் குரோமோசோம்களே இல்லாத தவளை முட்டைகள்கூட ஓரளவு பிளந்து பிளாஸ்டுலா போன்ற உருண்டையாயின. 1963இல் பிராஷேயும் ஹெர்மான் தெனியும் ஆக்டினோமைசின் என்ற மருந்தைப் பயன்படுத்தினர். டி.என்.ஏ.விலிருந்து செய்தி நகலெடுப்பதை அது தடுக்கும். முட்டைகள் மறுபடியும் பிளந்தன, மறுபடியும் அதே வாசலில் நின்றன.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தவளை

சிறுத்தைத் தவளையிடம் ஒரு சிக்கல் இருந்தது. இயற்கையில் அது வசந்த காலத்தில்தான் முட்டையிடும். ஆண்டு முழுவதும் ஆராய்ச்சி நடத்த வேறு தவளை வேண்டும். அது வந்து சேர்ந்த வழி விந்தையானது.

பிரிட்டிஷ் அறிஞர் லான்சலாட் ஹாக்பென் 1920களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வேலை செய்தார். அங்குள்ள நகத் தவளைக்குப் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டால் எந்த மாதத்திலும் முட்டையிடுவதைக் கவனித்தார். கர்ப்பிணியின் சிறுநீரிலும் அதே வேலையைச் செய்யும் ஹார்மோன் இருக்கிறது. ஆகவே, ஒரு பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசியில் செலுத்தி, அது முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்று சொல்லும் பரிசோதனை 1930களில் பிறந்தது. வேதியியல் பரிசோதனைகள் வந்த 1960கள் வரை உலகின் பல மருத்துவமனைகளில் இந்தத் தவளை ஒரு ஊழியர் மாதிரி இருந்தது. அந்த வேலை போன பின் ஆய்வகத்தில் நிலைத்துவிட்டது. ஜெனோபஸ் லீவிஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

ரைபோசோம் இல்லாத குழந்தைகள்

1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் மைக்கேல் ஃபிஷ்பெர்க்கின் ஆய்வகத்தில் ஒரு வித்தியாசமான நகத் தவளையைக் கண்டார்கள். வழக்கமாக உட்கருவுக்குள் இரண்டு நியூக்ளியோலஸ் தெரியும். இதில் ஒன்றுதான் இருந்தது. இப்படிப்பட்ட ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் பிறக்கும் கருக்களில் நான்கில் ஒரு பங்குக்கு நியூக்ளியோலஸ் கிடையாது.

1964இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் இந்தக் கருக்களைச் சோதித்தனர். அவற்றால் ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ.வைச் செய்யவே முடியவில்லை. ரைபோசோம் இல்லாவிட்டால் எந்தப் புரதமும் இல்லை, எந்த நொதியும் இல்லை. ஆகவே முதல் நாளே செத்திருக்க வேண்டும். ஆனால் அவை வளர்ந்தன, பொரிந்தன, நீந்தின. அதன் பிறகுதான் இறந்தன.

காரணம், அத்தனை நாளும் அவை தாயின் ரைபோசோம்களைக் கொண்டே பிழைத்தன. தாயின் சினைப்பையில் முட்டை வளரும்போது ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் மட்டும் தனியாகப் பல மடங்கு நகலெடுக்கப்படுகின்றன என்பது 1968இல் தெரியவந்தது. ஒரே முட்டையின் உட்கருவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியூக்ளியோலஸ்கள் மிதக்கும். கல்யாண வீட்டுக்கு முதல் நாளே அடுப்பு மேல் அடுப்பு மூட்டுவது போல! முதிர்ந்த முட்டையில் சேரும் ரைபோசோம்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி.

மைட்டோகாண்ட்ரியாவின் கதையும் இதேதான். முட்டையில் உள்ள டி.என்.ஏ.வில் பெரும்பகுதி உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது என்று இகோர் டேவிட் 1960களில் காட்டினார். கருவுற்ற பின் சுமார் இரண்டு நாள் வரை மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. கூடுவதில்லை. செல்கள் பெருகப் பெருக, தாய் கொடுத்த அதே இருப்புதான் பங்கு போடப்படுகிறது.

சொல்லிக்கொடுத்த சொல்

சோறு சரி, சொல்? 1971இல் கர்டனும் உடன் பணியாற்றியவர்களும் முயலின் ஹீமோகுளோபினுக்கான தூது ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முதிராத முட்டைக்குள் செலுத்தினர். முட்டை மறுப்புச் சொல்லாமல் முயல் புரதத்தைச் செய்து கொடுத்தது. யார் சொன்னாலும் கேட்டுச் செய்யும் ஓர் இயந்திரம் அதற்குள் தயாராக இருந்தது என்பது இதில் தெளிவானது. தாயும் அந்த இயந்திரத்துக்கென ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செய்திகளை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்திருக்கிறாள்.

கருவின் சொந்தக் குரல் எப்போது எழும்? 1982இல் ஜான் நியூபோர்ட்டும் மார்க் கிர்ஷ்னரும் விடை தந்தார்கள். நகத் தவளை முட்டை முதலில் 12 முறை வேகமாக, எல்லாச் செல்களும் சேர்ந்தாற்போல் பிளக்கிறது. ஒவ்வொரு பிளவுக்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் (முதல் பிளவுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்). சுமார் 4,000 செல்கள் ஆனதும், அதாவது கருவுற்ற ஆறு ஏழு மணி நேரத்தில், வேகம் குறைகிறது. அப்போதுதான் கருவின் மரபணுக்கள் பெருமளவில் விழிக்கின்றன. ஒருசில மட்டும் சற்று முன்பே விழிப்பது பின்னாளில் தெரிந்தது.

இந்த விழிப்பைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல என்பதையும் அவர்கள் காட்டினர். பிளவு நடக்க நடக்க முட்டையின் மொத்தச் சரக்கு கூடுவதில்லை, டி.என்.ஏ. மட்டும் இரட்டித்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் மரபணுக்களை அடக்கி வைத்திருந்த தாயின் பொருள் எல்லோருக்கும் போதாமல் போகிறது. வெளியிலிருந்து கூடுதலாக டி.என்.ஏ. செலுத்தினால் விழிப்பு முன்கூட்டியே வந்துவிட்டது.

நொதிகளுக்குள் தாய் யார், தந்தை யார்?

இனி நொதிகளைப் பார்ப்போம். 1959இல் கிளெமென்ட் மார்க்கெர்ட்டும் ஃப்ரெட் மோலரும் ஒரே வேலையைச் செய்யும் நொதி ஒரே உடலுக்குள் பல வடிவங்களில் இருப்பதை விவரித்து அவற்றுக்கு ஐசோசைம் என்று பெயரிட்டனர். அவர்களின் முக்கிய உதாரணம் லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ். தசையில் ஒரு வடிவம் மிகுதி, இதயத்தில் இன்னொன்று மிகுதி.

இது கரு ஆய்வாளர்களுக்கு நல்ல கருவியாயிற்று. இரண்டு தவளை இனங்களின் நொதிகள் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகருமானால், கலப்புக் கருவில் எந்த நொதி தாயுடையது, எது தந்தையுடையது என்று பிரித்தறியலாம். 1960களில் இப்படிச் சோதித்தபோது வளர்ச்சியின் தொடக்கத்தில் தாயின் வடிவமே தெரிந்தது. தந்தையின் வடிவம் மிகவும் தாமதமாகத்தான் தலைகாட்டியது. தந்தையின் மரபணு கேஸ்ட்ருலாவுக்கு முன்பே விழித்திருந்தாலும், தாயின் நொதி கையிருப்பில் இருக்கும்வரை அதற்கு வேலை வருவதில்லை.

1990களில் தூது ஆர்.என்.ஏ.வையே தனித்தனியாக அளக்க முடிந்தது. ஜப்பானில் கொய்ச்சிரோ ஷியோகாவாவின் குழு ஆல்டோலேஸ் என்ற நொதியை எடுத்துக்கொண்டது. சர்க்கரையை உடைக்கும் பாதையில் ஆறு கார்பன் துண்டை இரண்டு மூன்று கார்பன் துண்டுகளாக வெட்டும் நொதி அது. அதற்கு மூன்று மரபணுக்கள்: தசையில் ஏ, கல்லீரலில் பி, மூளையில் சி. நகத் தவளை முட்டையில் ஏ, சி இரண்டின் செய்திகளும் தாய் வழியாகவே நிறைந்திருந்தன. கருவுற்ற பின் அவை குறைந்து, உறுப்புகள் உருவாகும் கட்டத்தில் கருவின் சொந்த மரபணுக்களால் மறுபடி ஏறின. பி மட்டும் தாயின் மூட்டையில் அவ்வளவாக இல்லை, பின்னால்தான் வந்தது.

எல்லாச் செல்லுக்கும் வேண்டியதைத் தாய் கட்டிக்கொடுக்கிறாள். குறிப்பிட்ட உறுப்புக்கு மட்டும் வேண்டியதை அந்த உறுப்பு வந்த பிறகு கரு தானே தேடிக்கொள்கிறது. ஆல்டோலேஸின் கதை சொல்வது இதைத்தான்.

இருந்தும் வேலை செய்யாத நொதி

இதுவரை வந்தவை மூன்று படிகள். நான்காவது படிதான் எல்லோரையும் ஏமாற்றியது.

முட்டையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு ஏராளம். அதை உடைக்கும் நொதிகளும் உண்டு. ஆகவே கரு சர்க்கரையை எரித்துத்தான் வாழ்கிறது என்று எண்ணுவது இயல்பு. 1980களின் இறுதியில் மார்க் டுவோர்கினும் ஈவா டுவோர்கின்-ராஸ்டலும் கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களை உயிருள்ள முட்டைக்குள் செலுத்தி அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். கார்பன் எதிர்த்திசையில் ஓடியது! கிளைக்கோஜனை உடைப்பதற்குப் பதில் முட்டை அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

பாதையின் கடைசி நொதிகளுள் ஒன்றான பைருவேட் கைனேஸ் முட்டையை நசுக்கிச் சாறெடுத்து அளந்தால் தாராளமாக இருந்தது. உயிருள்ள முட்டைக்குள் மட்டும் அது அடக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் எதை எரித்து வாழ்ந்தது? பெரும்பாலும் அமினோ அமிலங்களை. குளூட்டமேட், அஸ்பார்டேட் போன்றவை கிரெப்ஸ் சுழற்சியில் நுழைந்து ஆற்றல் தந்தன. 2011இல் வெளியான ஒரு ஆய்வு பல்வேறு வளர்சிதைப் பொருள்களை ஒரே சமயத்தில் அளந்து இதே திசையைக் காட்டியது.

புரதச் சேமிப்புக்கும் முட்டையில் குறைவில்லை. முட்டையின் கருவுணவு முட்டையில் செய்யப்படுவதே அல்ல. தாயின் கல்லீரல் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் வைட்டலோஜெனின் என்ற புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. முட்டை அதை உறிஞ்சிக் கட்டி வைத்துக்கொள்கிறது. சோறு கட்டப்பட்டது தாயின் கல்லீரலில் என்று சொன்னால் தவறில்லை.

இன்றைய கணக்கு

2010இல் நகத் தவளையின் சிறிய உறவினமான ஜெனோபஸ் டிராபிகாலிஸின் மரபணுத் தொகுதியும், 2016இல் ஜெனோபஸ் லீவிஸின் தொகுதியும் வெளியாயின. 2014இல் ஒரே முட்டையினத்தில் சுமார் 11,000 வகைப் புரதங்கள் கணக்கெடுக்கப்பட்டன. 2015இல் கிர்ஷ்னரின் குழு கருவளர்ச்சி நெடுகச் செய்திகளையும் புரதங்களையும் பக்கம் பக்கமாக வைத்து அளந்தது. பல மரபணுக்களின் செய்தி பல மடங்கு ஏறி இறங்கியபோதும், பெரும்பாலான புரதங்களின் அளவு அதிகம் அசையவில்லை. பெரிய ஏரியில் சிற்றோடை ஒன்று கலந்தால் நீர்மட்டம் எவ்வளவு உயரும்? அதே கணக்குதான். தாய் நிரப்பிய ஏரி அவ்வளவு பெரியது.

இன்று ஒரு செல்லில் உள்ள செய்திகளை முழுவதுமாகப் படிப்பது எளிதாகிவிட்டது. ஒரு நொதியின் செய்தி கூடியிருக்கிறது என்று கண்டவுடன், அந்த வேலையும் கூடிவிட்டது என்று எழுதிவிடும் ஆசை எவருக்கும் வரும். தவளை முட்டை தரும் எச்சரிக்கை அங்கேதான் பயன்படுகிறது.

மனிதனுக்கும் இதில் பங்கு உண்டு. மனிதக் கரு நான்கு முதல் எட்டு செல்களாகும் கட்டத்தில்தான் தன் மரபணுக்களை விழிக்கச் செய்கிறது என்று 1988இல் காட்டப்பட்டது. அதுவும் தொடக்கத்தில் குளூக்கோஸைவிடப் பைருவேட்டையே விரும்புகிறது. சோதனைக் குழாய் கருவுறுதலில் கருவை எந்தக் கரைசலில் வைப்பது என்ற கேள்விக்கு இத்தகைய விவரங்கள் உயிர்நாடி. ஆல்டோலேஸ் பி மரபணு பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகளையும் எண்ணிப் பாருங்கள். கருப்பையில் குறை தெரியாது. தாய்ப்பால் குடிக்கும்போதும் தெரியாது. பழமும் சர்க்கரையும் ஊட்டத் தொடங்கிய பிறகுதான் வாந்தியும் கல்லீரல் பாதிப்பும் வருகின்றன. அந்த நொதிக்கு வேலை வரும் வரை அதன் இல்லாமை வெளியே தெரிவதில்லை.

பழமொழியின் கேள்விக்குத் தவளை முட்டை சொல்லும் பதில் இப்போது ஓரளவு தெளிவு. சொல்லிக்கொடுத்த சொல்லை மட்டும் நம்பி ஆறு ஏழு மணி நேரம் ஓட்டலாம், அதன் பின் சொந்தக் குரல் வேண்டும். கட்டிக்கொடுத்த சோறும் அதைச் சமைக்கும் நொதிகளும் அதைவிட நெடுநேரம் தாங்கும், சில நாட்கள்வரை. கரு பேசத் தொடங்கிய பிறகும் நெடுநேரம் சாப்பிடுவது தாயின் சோற்றைத்தான். நியூக்ளியோலஸ் இல்லாத அந்தத் தலைப்பிரட்டைகள் தாயின் ரைபோசோம்களோடு நீந்திக் காட்டியது இந்த உண்மையைத்தான்.